கச்சானில் பதினொரு கம்பி

மே 4, ஞாயிறு
காற்று: கிழக்கிலிருந்து கொண்டல், இலேசாக. கடல் அமைதி.

பூசை முடிந்து வந்ததும் வீட்டுக்கு டிவி வந்தது. வாங்கவில்லை. முதலாளி வீட்டில் கலர் பெட்டி வந்துவிட்டதால் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். இழுத்து மூடும் மரக்கதவு வைத்த பெட்டி. இருபது வருஷம் அவர் தோணியைத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓட்டிய தண்டலுக்கு, தோணியை விற்றபின் கிடைத்த மரியாதை. உண்மையைச் சொன்னால் அவர்களாகக் கொடுக்கவில்லை, நான்தான் போய்க் கேட்டேன்.

என் வீட்டுக்காரி அமலோற்பவம் பெட்டியைத் துடைத்து, மேலே பூவேலை செய்த துணி விரித்து, அதன்மேல் மாதா படத்தை வைத்தாள். சுவிட்சைப் போட்டால் திரை முழுக்க எறும்பு ஓடுகிறது. ஆன்டெனா இல்லாமல் வேறு என்ன ஓடும்? அவள் அந்த எறும்பையே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு டிவி ஆசை எல்லாம் கிடையாது. போன வாரம் சூசை கொழும்பிலிருந்து வந்தான். என்னிடம் வேலை பார்த்தவன், இப்போது வேறு தோணியில் போகிறான். அங்கே கொட்டாஞ்சேனையில் இருக்கும் அமலோற்பவத்தின் அக்காள் மெற்றில்டா அவனிடம் சேதி சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஜூன் பதின்மூன்று, கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் பவனியில் அக்காள் மகன் லம்பர்ட் சப்பரம் தூக்குகிறானாம். முன்பக்கம், வலது தண்டு. பவனியை இலங்கை டிவி ரூபவாஹினியில் காட்டப்போகிறார்களாம்.

"முன்பக்கமா? வலது தண்டா? நல்லாக் கேட்டியாடே?" என்று அமலோற்பவம் அவனைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். அவன் போனதும் அடுப்படிக்குள் போய், காலையில் துலக்கிய பானையை மறுபடி எடுத்துத் துலக்கினாள்.

மே 6, செவ்வாய்
காற்று: கொண்டல். வெயில் மண்டையைப் பிளக்கிறது.

குணசீலன் ரேடியோ கடைக்குப் போனேன். கூரையிலிருந்து ஆன்டெனாக்கள் தொங்குகின்றன, பெரிய மீனைத் தின்றுவிட்டு முள்ளை மாட்டி வைத்தது மாதிரி. ஒன்றை வாங்கிக்கொண்டு வருவோம் என்று போனவனை உட்காரவைத்து, பெண் வீட்டில் விசாரிப்பதுபோல விசாரித்தான்.

"வீடு ஓடா, மாடியா? பக்கத்துல உயரமா மரம் உண்டா? எந்த ஊரு தெரியணும் அண்ணாச்சி?"

"கொழும்பு."

"எல்லாரும் கோடைக்கானலுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. அங்க டிவி கோபுரம் வரப்போகுதாம். அதுக்குத் தக்கன வாங்குனா நாளைக்கும் ஒதவும்."

"எனக்கு நாளைக்கு வேண்டாம். ஜூன் பதிமூணுக்கு வேணும்."

அப்புறம் பாடம் ஆரம்பித்தது. ஐந்து கம்பி, எட்டு கம்பி, பதினொரு கம்பி என்று மூன்று வகை. கம்பி கூடக் கூடத் தூரத்தில் இருப்பதை நன்றாக இழுக்குமாம். ஆனால் நேராகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கொஞ்சம் முகத்தைத் திருப்பினாலும் படம் போய்விடும். ஐந்து கம்பி அங்கே இங்கே திரும்பினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் படம் மங்கல்.

"இன்னும் கொஞ்ச நாள்ல மேக்க இருந்து கச்சான் எறங்கிரும் அண்ணாச்சி. பதினொண்ணு ரொம்பக் காத்து வாங்கும். எட்டு கம்பி போடுங்க, நடுத்தரமா இருக்கும்."

கச்சான் காற்றில் பாய் கட்டிப் பல வருஷம் கடலில் கிடந்தவனிடம், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவன் காற்றைப் பற்றிப் பேசுகிறான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பதினொன்றையே கட்டு என்றேன். பூஸ்டர் ஒன்று. தட்டையான வயர் உப்புக்காற்றில் சீக்கிரம் போய்விடும் என்று உருண்டை வயர் கொடுத்தான். அது ஒன்றில் மட்டும் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

மே 9, வெள்ளி
காற்று: கொண்டல், மாலையில் அடங்கியது.

மொட்டைமாடியில் கம்பம் நட்டேன். இரும்புக் குழாய்தான், ஆனால் நட்டது பாய்மரம் நடுகிற முறையில். நாலு பக்கமும் கயிறு இழுத்து, என் முடிச்சுப் போட்டேன். எதிர்வீட்டு ரொசாரியம்மாள் தெருவில் நின்று, "என்னண்ணே, வீட்டைக் கடல்ல எறக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனசு நல்லது.

தோணியை விற்றபோது திசைகாட்டியை மட்டும் நான் எடுத்து வந்திருந்தேன். அதை வைத்து, கொழும்புக்குத் தோணியை முகம் பிடிக்கும் திசையில் ஆன்டெனாவைத் திருப்பினேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் எனக்கு அந்தத் திசை தெரியும்.

"வருதா?" என்று மேலிருந்து கேட்டேன்.

"எறும்புதான் வருது" என்றாள் கீழிருந்து.

கொஞ்சம் திருப்பி, "இப்போ?"

"எறும்பு பெருசாயிருக்கு."

பேச்சு மட்டும் கொஞ்சம் கேட்டது. சிங்களம். அவளுக்குப் புரியாது. ஆனாலும் பெட்டிப் பக்கமாகக் காதைச் சாய்த்து, சாப்பிடுகிற நேரம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மே 10, சனி

எறும்பு.

மே 13, செவ்வாய்
காற்று: இல்லை. இலைகூட அசையவில்லை.

ஆன்டெனா பழுது என்று குணசீலனிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவன் கடையை அடைத்துவிட்டுக் கூடவே வந்தான். மாடியில் ஏறி நின்று பார்த்தான்.

"எங்கிட்டுப் பாத்து வச்சிருக்கீங்க அண்ணாச்சி?"

"கொழும்பு."

"கொழும்பு அங்கிட்டு இல்லியே."

"தம்பி, நீ கொழும்பப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"நான் இருபது வருஷம் போயிட்டு வந்தவன். எனக்கே சொல்லுதியா?"

சொல்லி முடிக்கும்போதே எனக்கு மண்டையில் உறைத்துவிட்டது. கடலில் நீரோட்டம் தோணியை ஒருபக்கமாகத் தள்ளும், காற்றும் தள்ளும். அதற்குக் கழித்துக்கொண்டுதான் முகம் பிடிப்போம். போய்ச் சேர வேண்டிய ஊருக்கு நேராகத் தோணியை வைத்தால் அந்த ஊர் வராது. நான் ஆன்டெனாவுக்கும் நீரோட்டத்தைக் கழித்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. "டவரு கொழும்புலயே இல்ல அண்ணாச்சி. நுவரெலியாப் பக்கம், மலை மேல இருக்கு. நீங்க இன்னும் கெழக்க திரும்பணும்" என்றான்.

திருப்பினோம். கீழிருந்து அமலோற்பவம், "ஆளு தெரியுது! பொம்பள! மாலை போட்டிருக்கா!" என்று கத்தினாள். செய்தி வாசிக்கிற பெண். கழுத்தில் போட்டிருந்த பாசிமாலை மணி மணியாகத் தெரிந்தது.

நடந்ததைக் குணசீலன் அவளிடம் சொல்லிவிட்டான். அவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "வீட்டு மேல நின்னுக்கிட்டு நீரோட்டம் பாத்திருக்கீங்களே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை. அவமானம்தான். இருந்தாலும் இன்னொரு தடவை தப்பாகத் திருப்பலாமா என்று தோன்றியது.

மே 18, ஞாயிறு
காற்று: இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி.

காற்று நின்றுவிட்டால் கொழும்பு கண்ணாடிபோல வருகிறது. புழுக்கம் ஏற ஏறப் படம் தெளிகிறது. தெருவில் எல்லாரும் மழை வரட்டும், காற்று வரட்டும் என்று ஜெபம் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் வேண்டாம் என்கிறோம்.

சாயங்காலம் ரொசாரியம்மாளும் இன்னும் நாலைந்து பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். எல்லாரும் நாடகம் பார்த்தார்கள். அமலோற்பவம் நாடகம் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவன், பின்னால் சைக்கிளில் போகிறவன், விளம்பரத்தில் பிஸ்கட் தின்கிறவன் என்று இருபது வயசுப் பையன் யார் வந்தாலும் முன்னால் குனிகிறாள். பெண்கள் போனபின் மெதுவாகக் கேட்டாள்.

"மீசை வச்சிருப்பானோ?"

"வச்சிருப்பான்."

"நீங்க கடைசியாப் பாத்தப்ப?"

"அரும்பிக்கிட்டு இருந்துச்சு."

இதைப் பல தடவை கேட்டிருக்கிறாள். நானும் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு பயணமும் நான் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். கருப்பட்டியும் கருவாடும் கொண்டுபோவேன். லம்பர்ட் ஓடிவந்து பையை வாங்கி, "சித்தப்பா, கடல் எப்படி இருந்தது?" என்று கேட்பான். எப்போதும் அதே கேள்வி. நன்றாகப் பேசுவான். சித்தப்பா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். திரும்பி வந்ததும் இவள் வாசலிலேயே நிறுத்தி, "எவ்வளவு வளந்திருக்கான், கையக் காட்டுங்க" என்பாள். என் நெஞ்சுக்கு நேராகக் கையைக் காட்டினேன், பிறகு தோளுக்கு, பிறகு காதுக்கு.

கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு முதலாளி தோணியை விற்றுவிட்டார். ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்குப் போகும் கப்பலும் நின்றுபோயிற்று. கலவரம் நடந்த அந்த ஆடியிலிருந்து ஒன்றரை மாசம் ஒரு தகவலும் இல்லை. இவள் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாரும் சுகம் என்று சேதி வந்த அன்று சாப்பிட்டாள்.

மே 25, ஞாயிறு
காற்று: கச்சான். பலம்.

இறங்கிவிட்டது. நேற்று ராத்திரியே மேலே கயிறு முனகும் சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால் ஆன்டெனா மதுரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கயிறு வெயிலில் தளர்ந்து, கம்பம் தாராளமாக ஆடுகிறது. பாய்மரம் கொஞ்சம் ஆடினால்தான் நல்லது, ஆடாவிட்டால் முறியும். அந்தப் புத்தியில் கட்டியது. ஆன்டெனாவுக்கு அந்தப் புத்தி ஆகாது என்று இப்போது தெரிகிறது.

நாள் முழுக்க ஏறி இறங்கினேன். திருப்புவேன், படம் வரும், ஒரு காற்று அடிக்கும், போகும். கடைசியில் கையை உதறிவிட்டு, "போகட்டும். சூசை அடுத்த தடவ போனா போட்டோ வாங்கிட்டு வரச் சொல்லுவோம்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஒங்களுக்கென்ன? நீங்க மாசத்துக்கு ஒருக்கா போயிப் பாத்தீங்க. தோள்ல கையப் போட்டு நடந்தீங்க. நான் மூணே தடவ பாத்திருக்கேன். பெத்தவ நான். என் வயித்துல கெடந்த புள்ளைய, குடுத்தப்பொறம் நான் மூணே தடவ பாத்திருக்கேன்."

கதவு திறந்திருந்தது. நான் எழுந்துபோய்ச் சாத்தினேன். அதற்கும் கோபப்பட்டாள்.

இந்த நோட்டில் இருபது வருஷமாக அக்காள் மகன் என்றுதான் எழுதிவருகிறேன். இன்றைக்கு மாற்றி எழுதினால் என்ன? லம்பர்ட் எங்கள் பிள்ளை. முதலாகப் பிறந்தவன். மெற்றில்டாவுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷமாகியும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாத அக்காளுக்கு உடன்பிறந்தவள் ஒன்றைக் கொடுப்பது எங்களில் உண்டு. எட்டு மாசக் குழந்தையாகக் கொடுத்தோம். கோவிலில் பீடத்துக்கு முன்னால் நின்று, ஒருநாளும் அவனிடம் சொல்லமாட்டோம், யாரிடமும் உரிமை பேசமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோம். எங்களுக்குத்தான் வயசிருக்கிறதே, இன்னும் பிறக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். பிறக்கவில்லை.

தெருவில் பழைய ஆட்களுக்குத் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை. அவனை மெற்றில்டா ராஜா மாதிரி வளர்த்திருக்கிறாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் இந்த வீட்டுக்குள்தான். சாயங்காலமானால் இரண்டு பேர் இரண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஜூன் 1, ஞாயிறு
காற்று: கச்சான். மண்ணை வாரி இறைக்கிறது.

கர்வத்தை மடித்து வைத்துவிட்டுக் குணசீலனிடம் போனேன். அவன் "அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லவில்லை. நல்ல பிள்ளை. ஒரு ஐந்து கம்பி ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு, போட்டுப் பார்ப்போம் என்று வந்தான். கயிற்றை எல்லாம் அவிழ்த்துவிட்டு முறுக்குக் கம்பி இழுத்துக் கட்டினான்.

ஐந்து கம்பி ஆடவே இல்லை. காற்று அதன் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. படமும் நிலையாக நின்றது. ஆனால் நீராவிக்குள்ளிருந்து பார்ப்பதுபோல இருந்தது. ஆள் நடப்பது தெரிகிறது, ஆணா பெண்ணா என்று தெரிகிறது, யார் என்று தெரியவில்லை.

"அக்கா, இது போதுமா?" என்று குணசீலன் கேட்டான்.

அமலோற்பவம் திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாள். "மொகம் தெரியலியே தம்பி" என்றாள். "மொகம் தெரியாட்டா எனக்கு எதுக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பதினொன்றையே மறுபடி மாட்டு என்றேன்.

"காத்து அடிச்சா திரும்பும் அண்ணாச்சி."

"திரும்புனா பாத்துக்கிடலாம். மாட்டு."

ஜூன் 7, சனி
காற்று: கச்சான்.

கம்பத்தைக் கவ்விப்பிடிக்கும் வளையத்தை இரண்டாக்கினோம். முறுக்குக் கம்பி ஆறு பக்கம். மத்தியானம் வரை தாங்கியது, பிறகு மெல்ல மெல்ல வடக்கே திரும்பிவிட்டது. ரொசாரியம்மாள், "அண்ணே, அந்தோனியார் காணாமப் போனதக் கண்டுபிடிச்சுத் தருவாரு. கொழும்பையும் கண்டுபிடிச்சுத் தரச் சொல்லிக் கேளுங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அடுத்த நிமிஷமே கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளும் பழைய ஆள்தான்.

ஜூன் 11, புதன்
காற்று: கச்சான், சாயங்காலம் சற்றே தணிவு.

வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். முன்னறை மட்டும் அடித்தேன். திரைச்சீலையைத் துவைத்துப் போட்டாள். இன்றைக்கு உட்கார்ந்து முந்திரிக்கொத்துப் பலகாரம் சுட்டாள். டப்பா நிறைய.

"யாருக்கு இவ்வளவு?"

"வீட்டுக்கு."

"நாம ரெண்டு பேரு."

"இருக்கட்டும். திருநாளு."

ஒன்றை எடுத்துத் தின்றேன். ருசியாக இருந்தது. அவன் சின்னப் பிள்ளையில் இதற்கு உயிரை விடுவான், நான்தான் டப்பாவில் கொண்டுபோவேன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். அவள் சுட்டதை அவன் தின்று அவள் பார்த்ததே இல்லை.

ஜூன் 13, வெள்ளி
காற்று: கச்சான். இந்த வருஷத்தில் இதுவரை அடிக்காத அடி.

கை எழுத வரவில்லை. உள்ளங்கை தோல் உரிந்திருக்கிறது. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பவனி சாயங்காலம் காட்டுவார்கள் என்று சூசை சொல்லியிருந்தான். மூன்று மணிக்கே அவள் குளித்து, கோவிலுக்குப் போகிற வெள்ளைச் சேலையைக் கட்டி, தலையில் முக்காடு போட்டு டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெருப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். நான் அவளுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பாய் போட்டு வைத்திருந்தேன். புதுச் சட்டையும் போட்டிருந்தேன்.

பவனி ஆரம்பித்தது. மணிச் சத்தம் கேட்டது. கடலாகக் கூட்டம், பாட்டு, மெழுகுதிரி எல்லாம் தெரிந்தது. அப்போது ஒரு காற்று வந்தது. மேலே கிறீச்சென்று சத்தம். படம் போயிற்று.

நான் மாடிக்கு ஓடினேன். வளையம் இரண்டும் பிடியை விட்டிருந்தன. கம்பம் விழவில்லை, நின்ற இடத்திலேயே காற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக் கிழக்கே திருப்பினேன். கீழே பெண்கள், "வந்துட்டு, வந்துட்டு!" என்றார்கள். கையைத் தளர்த்தினேன். "போச்சு!" மறுபடி பிடித்தேன். சுக்கான் பிடிக்கிற மாதிரிதான். காற்று தள்ளும், தள்ளுமுன்பே நாம் எதிர்த்துத் தள்ள வேண்டும். கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது, கைக்குத்தான் தெரியும்.

குணசீலன் மூச்சு வாங்க ஏறி வந்தான். "நான் புடிக்கேன் அண்ணாச்சி. நீங்க போங்க. போயிப் பாருங்க."

கொடுத்தேன். மறைக்க என்ன இருக்கிறது, பாய்ந்துதான் கொடுத்தேன். படியில் பாதி இறங்கியிருப்பேன், உள்ளேயிருந்து அமலோற்பவத்தின் குரல் கேட்டது. "ஐயோ, சப்பரம் வருதே! போயிட்டே! போயிட்டே!" அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால், ராமேஸ்வரத்தில், அவனை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பியபோது.

திரும்பி ஏறினேன். அவன் கையிலிருந்து கம்பத்தை வாங்கினேன். கிழக்கே கொண்டுவந்து நிறுத்தினேன்.

கீழே சத்தம் அடங்கிவிட்டது. யாரும் வந்தது என்றும் சொல்லவில்லை, போயிற்று என்றும் சொல்லவில்லை. பாட்டு மட்டும் இலேசாகக் கேட்டது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக் குதிரை குதிரையாக அலை. கண்ணில் மண் விழுந்தது, துடைக்கக் கை இல்லை.

அப்புறம் அவள் முற்றத்துக்கு ஓடி வந்தாள். முக்காடு காற்றில் பறந்துவிட்டது. அண்ணாந்து பார்த்து, அத்தனை பெண்களும் வாசலில் வந்து நிற்க, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏங்க! பாத்துட்டேன்! நம்ம புள்ளையப் பாத்துட்டேன்! ஒங்க நடைங்க! இடது தோளச் சாச்சுக்கிட்டு, அப்படியே ஒங்க நடை!"

ரொசாரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பீடத்துக்கு முன்னால் கொடுத்த வாக்கு அது, போனது போனதுதான். எனக்குப் பயமாக இல்லை.

"எறங்கி வாங்க! இன்னும் காட்டுதான்! வாங்க, பாக்கலாம்!"

"நீ பாரு" என்றேன். "நான் விட்டா போயிரும். உள்ள போ. போயிப் பாரு, போ."

போனாள். அவர்கள் பாட்டு முடிந்து, செபம் முடிந்து, ஏதோ சிங்களத்தில் பேச ஆரம்பித்து, குணசீலன் என் தோளைத் தொட்டு, "முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்று சொல்லும்வரை பிடித்திருந்தேன். கையை எடுத்தேன். ஆன்டெனா காற்றோடு சுற்றி மேற்கே போய் நின்றது.

நான் பார்க்கவில்லை.

ஜூன் 14, சனி
காற்று: கச்சான், குறைவு.

காலையில் அவள் என் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவி, துணி சுற்றிவிட்டாள். பிறகு காப்பி கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஒருக்கா வாசல் வரைக்கும் நடங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நடங்க. சொல்லுதேன்ல."

நடந்தேன். "திரும்பி வாங்க" என்றாள். வந்தேன். சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை என்றாள். அப்புறம் வேகம் வேண்டாம், பாரம் தூக்கின மாதிரி மெதுவாக என்றாள். பாரம் தூக்கின மாதிரி நடந்தேன். அவள் முகம் நேற்று எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

வேட்டியை இரண்டு கையாலும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன். குனிந்து, என் காலைப் பார்த்துக்கொண்டே, வாசலுக்கும் சுவருக்குமாக நடந்தேன்.